எட்டுப் பெட்டி

வியாழன் இரவு பத்தரை.
தோஹாவில் எட்டு.
இன்ஷாப் குளித்து, சோறு தின்று,
ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொல்கிறான்:
"திற ராத்தா, நான் உள்ளுக்கு நிக்கிறன்."

திறக்கிறேன்.
திரை ஒருதரம் கறுக்கிறது,
வட்டம் சுழல்கிறது,
மறுகா ஒன்றுமில்லை.
அதே நீலப் படம், அதே குப்பைத்தொட்டி.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.
தட்டியதும் உள்ளே விளக்கை அணைத்துவிடுகிற
வீடு மாதிரி.

"விண்டோஸ் எண்டா இந்தக் கரைச்சல் வருமா?"
லினக்ஸ் போட்டது அவன்தான்,
பயணத்துக்கு முதல்நாள்,
சூட்கேஸைக்கூடக் கட்டாமல்.
"நான் இருக்கக்குள்ள ஓடினதுதானே" என்கிறான்.

டேர்மினல். கறுப்புப் பலகை.
அவன் எழுத்தெழுத்தாய்ச் சொல்ல நான் தட்டுகிறேன்.
கிராபிக்ஸ் டிரைவர் இரிக்கா? இரிக்கு.
முப்பத்திரண்டு பிட் லைப்ரரி?
அது இல்லை. இறக்கினோம்.
மாதக் கடைசி டேட்டாவில் இருநூற்றுப் பத்து எம்பி.
சாய்ந்தமருதுக் கடற்காற்றில்
ஆணியெல்லாம் துருப்பிடித்த லெப்டொப்
மா அரைக்கும் மில்லைப்போல் இரைகிறது.
கறுக்கிறது. சுழல்கிறது.
குப்பைத்தொட்டி.

நுளம்புத்திரியோடு வாசலில் நின்று
மச்சான் கேட்கிறார்: "ரீஸ்டார்ட் பண்ணினியா?"
மூன்றாம் தரம்.
கொம்பியூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்த
ஒரே கேள்வி.

பன்னிரண்டேகாலுக்கு
லொக் ஃபைலை வரிவரியாய்ப் படி என்றான் இன்ஷாப்.
நானூறு வரி.
முன்னூற்றுப் பதினேழாவதில்
வழியைக் காணவில்லை என்று எழுதி
காணாத வழியையும் எழுதியிருந்தது:
ஆறு கேள்விக்குறி, ஓர் இடைவெளி,
மறுபடி ஆறு கேள்விக்குறி.

எனக்கு அது யாரென்று தெரியும்.
தம்பிட சாமான்.
அவன் பறந்த கிழமை
படம், பாட்டு, சீவி, கேம் எல்லாவற்றையும்
ஒரு பக்கம் ஒதுக்கி
நானே தமிழில் பேர் வைத்த ஃபோல்டர்.

பகலில் நான் பிரதேச செயலகத்தில்
பிறப்புப் பதிவுக் கவுண்டரில் இருப்பவள்.
அடையாள அட்டையில் ஒரு பேர்,
பள்ளிக்கூடத்தில் இன்னொன்று,
பாஸ்போர்ட்டுக்கு வேறொன்று என்று
மாளிகைக்காட்டிலிருந்து வேர்த்து வருகிறவரிடம்
"இது நீங்கதான் எண்டு எப்படி நம்புற?" என்று
முகம் பாராமல் கேட்டிருக்கிறேன்.
இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்,
கையில் பன்னிரண்டு கேள்விக்குறி.

ஆங்கில எழுத்தில் ஒரு குறுக்குவழி போட்டோம்.
கேம் அதைத் துருவி
பின்னால் நிற்பது யாரென்று கண்டுபிடித்து
மறுகாவும் சுருண்டது.
சரி, திருப்பிச் செய்வோம்.
உண்மையான ஃபோல்டருக்கு ஆங்கிலப் பேர்.
தம்பிட சாமான் இனி வெறும் கைகாட்டி.
என்டரில் விரல் கொஞ்சம் நின்றது.
வேலைநாளில் அப்படி நின்றதில்லை.

ஒன்று ஐந்து.
கறுத்தது. சுழன்றது. கறுப்பு நீண்டது.
மறுகா தெருவுக்கே கேட்க முரசு!
பாய்ந்து சத்தத்தைக் குறைக்கிறேன்.
உள்ளறையில் கிடந்தபடி மச்சான்:
"ரீஸ்டார்ட் பண்ணியிருப்பா."

பேர் என்ன என்று கேட்டது கேம்.
வேண்டுமென்றே தமிழில் தட்டினேன்: ஜெஸ்மிலா.
நாலு எழுத்துக்கு எட்டுப் பெட்டி வந்தது.
கொம்புக்கு ஒன்று, குற்றுக்கு ஒன்று,
விசிறியும் அரவும்கூடத்
தனிவீடு கேட்டுப் போயிருந்தன.
இருக்கட்டும் என்று அழுத்தினேன்.

பனிமலை அடிவாரத்தில்
இரண்டரை மணித்தியாலமாய் நின்ற ஈட்டிக்காரன்
திரும்பிப் பார்த்தான்.
தலைக்குமேல் எட்டு வெற்றுப் பெட்டியோடு
ஒருத்தி ஓடி வருகிறாள்.

"ஆரு இது?" என்றான்.
"பதிஞ்சாச்சு" என்றேன். "ஓடு."